மாஸ்ரர் வாசித்த காற்று

துரைராஜா மாஸ்ரரைக் கட்டிலிலிருந்து சில்லுக் கதிரைக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்க, மற்றவர் உணர்விழந்த வலது காலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பண்டத்தரிப்பில் இருந்த அந்த வீட்டில் அந்த இரண்டு பேரும் பெண்கள்: மனைவி பியாட்றிஸ், மருமகள் உதயகலா. மகன் பிறேம் மின்கம்பங்களில் ஏறுகிற வேலைக்காரன். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கொடிகாமத்துக்குப் போய்விடுவான்.

குளிப்பாட்டி, துவட்டி, இடுப்பில் சாரம் மாற்றி, பாலில் குழைத்த இடியப்பத்தைக் கரண்டியால் ஊட்டி, திரும்பவும் கட்டிலில் சரித்துவிடும்போது வெயில் முற்றத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பியாட்றிஸ் சமைக்கக் குசினிக்குள் போவாள். உதயகலா கை கழுவிக்கொண்டு, மாஸ்ரரின் கட்டில் கிடந்த அதே முன்னறையின் மூலையில் மடிக்கணினியைத் திறப்பாள். இணைய இணைப்பு அந்த மூலையில்தான் அறாமல் வரும். மற்றபடி மாமனாரோடு ஒரே அறையில் இருக்க அவளுக்கு ஆசையொன்றும் இல்லை.

ஆசை வர வழியும் இருக்கவில்லை. மாஸ்ரர் மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க எழும்பினால், கடைசி வாங்குப் பலகையில் காது கேளாமல் இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல் தவறாது. அவருடைய மகன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற ஒரு சைவக்காரரின் மகளை விரும்பினான். அவள் ஞானஸ்நானம் எடுக்க மாட்டேன் என்றாள். தேவாலயமும் இல்லை, கோயிலும் இல்லை; பதிவுக்காரர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டு இருவரும் கொடிகாமத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று தொடக்கம் மாஸ்ரர் மருமகளோடு கதைத்ததில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்தால், மேசையில் அவள் எதிரே இருக்கும்போதே மகனைப் பார்த்து, "அவவைச் சாப்பிடச் சொல்லு" என்பார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, படலையைத் திறக்கப் போனவர் அதைப் பிடித்தபடியே சரிந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'தா, தா' என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. பியாட்றிஸால் தனியே தூக்க முடியவில்லை. பிறேமும் உதயகலாவும் கொடிகாமத்து வீட்டைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார்கள். வருகிறாயா என்று உதயகலாவை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்பார்கள் என்று காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வசந்தினி என்ற பிள்ளை, "சிலருக்குச் சொல்லு வராட்டிலும் விளக்கம் இருக்கும். பழகின பாட்டுப் பாடிப் பாருங்கோ, செபம் சொல்லிப் பாருங்கோ" என்று சொல்லி விட்டிருந்தாள். பியாட்றிஸ் கட்டிலருகில் இருந்து கீர்த்தனைகளைப் பாடினாள். பரமண்டல செபத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தாள். மாஸ்ரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சில கிழமை போக அவளும் விட்டுவிட்டாள். அவருக்கு ஒன்றும் விளங்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போன சங்கதியாயிற்று.

உதயகலா செய்த வேலை அந்த ஊரில் யாரும் கேள்விப்படாதது. அவள் பட்டப்படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்தவள். கூடப் படித்த ஆரணி வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யப் போனபோது இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய பாய்க்கப்பல்களின் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவார்கள். எந்த நாளில், கடலில் எந்த இடத்தில், காற்று எங்கிருந்து எவ்வளவு பலமாக அடித்தது, காற்றின் அழுத்தத்தை அளக்கிற பாரமானி என்ன காட்டியது, வானம் எப்படிக் கிடந்தது என்று மாலுமிகள் நாலு மணித்தியாலத்துக்கொருமுறை மாறும் காவலுக்குக் காவல் எழுதி வைத்ததை அவள் வாசித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். வங்காள விரிகுடாவில் அந்தக் காலப் புயல்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் இந்தக் காலப் புயல்களோடு ஒப்பிடலாம் என்று ஆரணி விளங்கப்படுத்தியிருந்தாள். உதயகலாவுக்கு அதை அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முந்தின வருசப் புயலில் தகப்பனின் தோட்டம் முழுக்கச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

சிரமம் கையெழுத்தில்தான். மை பரவி, எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால் அவள் வாய்விட்டு வாசித்துத்தான் எழுதுவாள். கட்டிலிலிருந்து பார்த்தாலும் திரை தெரியும்.

ஐப்பசி பிறந்து, மழை வருவதும் போவதுமாக இருந்த ஒரு காலையில் அவள் 'அரபெல்லா' என்ற கப்பலின் ஏட்டில் இருந்தாள். ரங்கூனிலிருந்து காங்கேசன்துறைக்கு அரிசி ஏற்றி வந்த கப்பல். "என், டபிள்யூ. வடமேற்கு" என்று சொல்லிக்கொண்டு தட்டினாள்.

கட்டில் சட்டத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"என்ன மாமா? சலம் போகோணுமோ?"

டொக்.

"தண்ணியோ? தலைகாணியைப் பதிச்சுவிடவோ?"

டொக், டொக். மாஸ்ரர் இடது கையை மடக்கிச் சட்டத்தில் குத்தினார். பிறகு அதே கையை மேசைப்பக்கம் நீட்டினார்.

"உதோ? உது என்ரை வேலை மாமா. சத்தம் கரைச்சலாய்க் கிடக்கோ? நான் மனசுக்குள்ளை வாசிக்கிறன்."

அவருடைய முகம் சிவந்தது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. "ஈ…" என்றார்.

உதயகலா திடுக்கிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "ஈயோ? எங்கை, முகத்திலையோ?" என்று அவருடைய முகத்துக்கு மேலே விசுக்கினாள்.

"ஈ! ஈ!" மாஸ்ரர் அந்தத் துவாயைப் பிடித்து இழுத்து எறிந்தார். கண்ணில் நீர் வருமளவுக்குக் கோபம். தொண்டைக்குள் ஏதோ உருண்டது. "ஈஸ்… ட்."

துவாய் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் மேசையோடு மடிக்கணினியை இழுத்துக் கட்டிலருகில் கொண்டுவந்தாள். மாஸ்ரர் இடது கைச் சுட்டுவிரலை, அவள் டபிள்யூ என்று வாசித்த எழுத்தில் வைத்தார். பிறகு அதே பக்கத்தில் கீழே 'மாலை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தில் வைத்தார். இரண்டும் ஒரே வளைவு. படுக்க வைத்த டபிள்யூ போல, அந்தக் கப்பல்காரன் எழுதிய ஈ.

"ஓம் மாமா. ஈ தான். வடகிழக்கு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஐயோ, அப்ப நான் முன்னுக்கு எழுதினது முழுக்கப் பிழை. கப்பலைப் பின்பக்கமாய் எல்லோ ஓட விட்டிருக்கிறன்."

மாஸ்ரரின் வாயின் இடது பாதி மட்டும் மெல்ல மேலே போயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, படத்தைப் பெரிதாக்கி வைத்தாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலைத் திருத்தியவர். எந்தக் கையெழுத்தும் அவருக்குப் பெரிதில்லை. வானத்துக்கு மாலுமிகள் ஒற்றை எழுத்துகள் வைத்திருந்தார்கள்: 'பி' என்றால் நீல வானம், 'ஓ' என்றால் மூடிய வானம், 'எல்' மின்னல், 'ரி' இடி, 'யூ' என்றால் பார்க்கவே பயமான வானம். அந்த ஒற்றை எழுத்துகள் மாஸ்ரருக்குத் தோதாக இருந்தன. முழுச் சொல் வராத வாயில் எழுத்து வந்தது.

"உது என்ன மாமா? ஓவோ, சீயோ?"

"ஓ."

"வானம் மூடிக் கிடந்திருக்கு."

"மூ… டி," என்றார் மாஸ்ரர். சொன்னதைத் தானே கேட்டு அதிசயப்பட்டவர் போல அவளைப் பார்த்தார்.

பியாட்றிஸின் செருப்புச் சத்தம் குசினிப்பக்கம் கேட்டால் போதும், மாஸ்ரர் வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். முதலில் உதயகலாவுக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சபை முழுக்கக் கேட்க வேதம் வாசித்த மனிதர், பெண்சாதிக்கு முன்னால் குழந்தை மாதிரி 'மூ, மூ' என்று திக்க மாட்டார். உதயகலாவுக்கு முன்னால் திக்கலாம். அவள் என்ன நினைத்தால் அவருக்கென்ன?

"நல்ல ஆள் நீங்கள்," என்று ஒருநாள் அவருக்கு நேரே சொன்னாள். "என்னை மனுசராய் எண்ணாதபடியாத்தானே என்னோடை கதைக்கிறியள்?"

மாஸ்ரர் கண்ணைத் தாழ்த்தினார். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அரபெல்லா புயலுக்குள் போன பக்கங்கள் ஒரு மழை நாளில் வந்தன. பாரமானி ஒவ்வொரு காவலுக்கும் இறங்கிக்கொண்டு போனது. வானத்துக்குரிய கட்டத்தில் 'யூ', 'யூ', 'யூ'. எழுத்து சரிந்து, ஒரு இடத்தில் மை தெறித்து, ஒரு வரி உப்புத் தண்ணீரில் கரைந்திருந்தது. பாய் கிழிந்தது, கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது, எல்லாரும் பம்படிக்கிறார்கள் என்று ஓரத்தில் இருந்தது. அதற்குள்ளும் எவனோ போய்ப் பாரமானியைப் பார்த்து இலக்கத்தை எழுதியிருந்தான்.

"பாவ… ங்கள்," என்றார் மாஸ்ரர்.

உதயகலா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தாள். "போன வருசம் எங்கடை வளவிலையும் உப்பிடித்தான் மாமா. விடிஞ்சு போய்ப் பாத்தால், குலை தள்ளி முட்டுக் குடுத்து நிண்ட வாழை முழுக்க ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடக்கு, ஆரோ பாய் விரிச்ச மாதிரி. அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போய், முத்தின குலை எது, முத்தாதது எது எண்டு ஒவ்வொண்டாய்த் தட்டிப் பாத்து வெட்டினவர். அம்மாதான் கத்தினவ."

மாஸ்ரர் வெகு நேரம் வாயை அசைத்தார். "பே… ர்?"

"என்ரை பேரோ?"

இல்லையென்று தலையை ஆட்டினார். "அப்… பா."

பிறேமைக் கலியாணம் முடித்து நாலு நத்தார் போய்விட்டது. அவளுடைய தகப்பன் 'கப்பல்' என்ற இன வாழைப்பழச் சீப்புகளைக் கொண்டுவந்து இந்தப் படலையிலேயே மகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்.

"பரமலிங்கம்," என்றாள்.

"ப… ர… ம," என்றார் மாஸ்ரர்.

அன்று பிறேம் வந்ததும் கிணற்றடியில் வைத்து அவனிடம் சொன்னாள். அவன் கையில் இருந்த கிறீசைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"எழுத்துச் சொல்லுறாரோ? சும்மா சத்தமாயிருக்கும் கலா. அம்மா எவ்வளவு பாடிப் பாத்தவ."

"சத்தமில்லை பிறேம். ஆளுக்கு எல்லாம் விளங்குது."

"சரி, பாப்பம்," என்றான். களைத்துப் போயிருந்தான். மழைக்காலத்தில் கம்பியில் கிளை விழாத நாளில்லை. அந்தக் கதை அவ்வளவில் நின்றது.

அந்தக் கிழமைதான் கனடாவிலிருந்து பிறேமின் தமக்கை அனுஜா தொலைபேசியில் எடுத்தாள். பியாட்றிஸ் அதற்கு முதல்நாள் முதுகு பிடித்து எழும்ப மாட்டாமல் கிடந்து, மகளோடு கதைக்கும்போது அழுதிருந்தாள். அனுஜா எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டாள். தென்மராட்சியில் திருச்சபை ஆட்கள் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் தகப்பனுக்கு இடம். தாய்க்குத் தன்னோடு வர விசா. வீட்டைப் பூட்டுவது. பிறேமும் உதயகலாவும் கொடிகாமத்துக்குத் திரும்பிப் போகலாம். தான் வந்து எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொன்னாள்.

திரும்பிப் போகலாம் என்ற சொல் உதயகலாவின் நெஞ்சுக்குள் போய் இருந்துவிட்டது. கொடிகாமத்து வீட்டில் அவளுக்கென்று ஒரு குசினி இருந்தது. பின்னேரத்தில் சந்தைக்கு நடந்து போய்ப் பயிற்றங்காய் தெரிந்து வாங்கலாம். ஒருவரையும் தூக்கத் தேவையில்லை; ஒருவரின் மலசலத்தையும் கழுவத் தேவையில்லை. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் களைத்தவள்.

குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டு இருக்கும்போது பியாட்றிஸ் சொன்னாள்: "அங்கை தாதிமார் இருக்கினமாம் பிள்ளை. வடிவாய்ப் பாப்பினமாம். இவருக்கென்ன, கட்டில் மாறினதும் தெரியாது, ஆள் மாறினதும் தெரியாது."

உதயகலாவின் கை நின்றது. 'அப்பிடியில்லை மாமி' என்று சொல்ல ஒரு மூச்சுத்தான் வேண்டும். அந்த மூச்சு வரவில்லை. கம்பை எடுத்து அடுத்த இலையை உருவினாள்.

"என்ன பேசாமல் இருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை மாமி. தேங்காய் துருவட்டோ?"

மறுநாள் காலை மாஸ்ரரோடு கப்பல் ஏட்டைப் பார்க்கும்போது அவரின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் உற்சாகமாக இருந்தார். புயல் தாண்டி அரபெல்லாவுக்கு நல்ல காற்று வந்திருந்தது. அவள் இரண்டு வரி எழுதிவிட்டுத் தலையிடி என்று மூடிவைத்தாள்.

அனுஜா மழையோடு வந்து இறங்கினாள். வந்த வான் வண்டி நிறையப் பெட்டி. தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள், மெய்யாகவே அழுதாள். தாயின் முதுகுக்குத் தைலம் தேய்த்தாள். அடுத்த நாள் முன்னறையிலேயே கதிரைகளைப் போட்டுக் கதை தொடங்கியது. மாஸ்ரரின் கட்டில் பக்கத்தில் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை இல்லத்து ஆக்கள் வான் அனுப்புவினம்," என்றாள் அனுஜா. "அப்பான்ரை சாமான் ஒரு பெட்டிக்குள்ளை அடங்கோணும். கட்டில் அங்கை இருக்கு. இந்தக் கட்டிலை ஆருக்கும் குடுத்துவிடலாம். புத்தகங்களை என்ன செய்யிறது பிறேம்? பள்ளிக்கூடம் எடுக்குமோ?"

"கேட்டுப் பாக்கலாம்," என்றான் பிறேம், நிலத்தைப் பார்த்தபடி.

தேத்தண்ணித் தட்டோடு வந்த உதயகலா மாஸ்ரரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மூடிய இமைக்குக் கீழே கண்மணி அங்குமிங்கும் ஓடியது. இடது கை, மேலே கிடந்த போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தது.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கோப்பைகள் குலுங்கின.

"அக்கா, கோவிக்காதேங்கோ. மாமாவுக்கு நீங்கள் கதைக்கிறது முழுக்க விளங்குது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"இங்கிலீஸ் வாசிக்கிறார். எழுத்துச் சொல்லுறார். சின்னச் சொல்லுகளும் வருது. ஒவ்வொரு நாளும் என்னோடை இருந்து அந்தக் கப்பல் ஏடு பாக்கிறவர். நான் முந்தியே சொல்லியிருக்கோணும். சொல்லேல்லை. பிழைதான்."

"கலா, என்ன பேய்க்கதை கதைக்கிறாய்?" அனுஜா எழும்பிக் கட்டிலடிக்கு வந்தாள். "அப்பா? அப்பா, நான் ஆர்? என்ரை பேரைச் சொல்லுங்கோ."

மாஸ்ரர் கண்ணைத் திறந்தார். வாயைத் திறக்கவில்லை.

உதயகலா அவசரமாக மடிக்கணினியைத் தூக்கிவந்து விரித்தாள். "மாமா, இஞ்சை பாருங்கோ. காத்து எங்கையிருந்து? உந்த எழுத்து என்ன?"

மாஸ்ரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாவம், அதுவும் இரவு பகலாய்க் கிடந்து மாயுது," என்று பியாட்றிஸ் மருமகளுக்காக மகளிடம் சமாதானம் சொன்னாள். அனுஜா, "விளங்குது அம்மா," என்றாள். அந்தப் பரிவு உதயகலாவைச் சுட்டது.

அவள் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப்பக்கம் போய், அந்தக் குறுகிய இடைவெளிக்குள் உடம்பை நெரித்துக்கொண்டு, மாஸ்ரரின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றாள்.

"மாமா, நாலு வருசம் நீங்கள் என்னோடை கதைக்கேல்லை. அது உங்கடை விருப்பம், நான் ஒண்டும் கேக்கேல்லை. ஆனால் இண்டைக்கு வெக்கத்திலை வாயை மூடிக்கொண்டு கிடந்தியள் எண்டால், வெள்ளிக்கிழமை உங்களைத் தூக்கி வானுக்குள்ளை ஏத்துவினம், ஒருதரும் உங்களைக் கேக்க மாட்டினம். திக்கினால் என்ன? உங்கடை பிள்ளையள்தானே? அவை திக்கித் திக்கித்தானே உங்களிட்டைக் கதை பழகினவை? போறியளோ, இருக்கிறியளோ, உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

"கலா, விடு," என்றான் பிறேம்.

"விடேலாது."

மாஸ்ரர் அவளைப் பார்த்தார். பிறகு வலது பக்கத்துப் பாரத்தை இழுத்துக்கொண்டு தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். நெற்றியில் நரம்பு புடைத்தது.

"அ… அனு."

அனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போ… றன்."

யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. உதயகலா, "இல்லை மாமா, வடிவாய் யோசிச்சு…" என்று தொடங்கினாள். அவர் இடது கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் வகுப்பை நிறுத்துகிற அதே கை.

"போறன். அம்மா… முது… கு. அம்மா… போ… கட்டும். கன… டா."

அவ்வளவும் சொன்னதற்கே வியர்த்துப் போனது. உதயகலா சுவரோடு சாய்ந்தாள். அவரைக் கேட்க வேண்டும் என்று நின்றவள் அவள்தான். கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். இப்படிச் சொல்வார் என்று அவள் நினைக்கவில்லை.

பியாட்றிஸ் கதிரையிலிருந்து எழும்பினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். அழப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இவ்வளவு நாளும் நான் பாட்டுப் பாடேக்கை வாயைத் திறக்கேல்லை," என்றாள் கணவனிடம். "தொண்டை வறளப் பாடினன். சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தியள். இப்ப கதை வந்த உடனை என்னைக் கனடாவுக்கு அனுப்புறியளோ?"

"முது…"

"பேசாமல் இருங்கோ!" பிறகு மகளிடம் திரும்பினாள். "அவரைக் கேட்டியள், சரி. என்னை ஆர் கேட்டது?"

"நீங்கள்தானே அம்மா போனிலை அழுதனீங்கள்?"

"அழுதனான். முதுகு நோக அழுதனான். முதுகு நோகுதெண்டால் முதுகுக்கு ஒரு வழி பாக்கிறதை விட்டிட்டு, ஏன் என்னைக் கொண்டுபோய்ப் பனிக்குள்ளை வைக்கிறியள்? இவருக்கு ஒண்டும் விளங்காது எண்டபடியாத்தான் நான் ஓமெண்டனான். விளங்குமெண்டால் நான் எப்பிடி விட்டிட்டுப் போறது? அங்கை கிடந்து ஆருக்கு முன்னாலை திக்குவார்? எனக்கு விடியப்புறத்திலை தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். இரவிலை நித்திரை வேணும். உன்ரை பிள்ளையளைப் பாக்க ஒருக்கா வருவன், வெயில் காலத்திலை. வந்து போட்டுத் திரும்பி வந்திடுவன். இதுதான் என்ரை கதை."

அனுஜா அழுதுகொண்டே சிரித்தாள். "அப்ப நான் எல்லாருக்கும் சொல்லி வச்சதெல்லாம்?"

"இல்லையெண்டு சொல்லு. வாய் இருக்குத்தானே."

மாஸ்ரர் பியாட்றிஸின் கையைத் தேடிப் பிடித்தார். அவள் தட்டிவிடுவது போலச் செய்து, பிறகு பிடிக்க விட்டாள்.

அன்று பின்னேரத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பூரணம் காலையிலும் மாலையிலும் வந்து தூக்கிப் பிடிக்கச் சம்மதித்தாள். இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. வசந்தினியை வீட்டுக்கே வந்து போகச் சொல்லிப் பிறேம் கேட்டுவிட்டு வந்தான். கொடிகாமத்து வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மழை விட்டிருந்த கொஞ்ச நேரத்தில் பிறேம் மனைவியைத் தேடிக் கிணற்றடிக்கு வந்தான்.

"நாங்கள் இஞ்சைதான் இருக்கோணும் போலை," என்றான். "உனக்கு…"

"எனக்கு அந்த வீடு வேணும்," என்றாள் உதயகலா. "பொய் சொல்லேல்லை. அந்தக் குசினி வேணும்."

பிறேம் கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டான்.

"இருப்பம்," என்றாள் அவள். "ஆனால் விருந்தாளி மாதிரி இருக்க மாட்டன். இவ்வளவு நாளும் என்ரை சாமிப் படங்கள் சூட்கேசுக்குள்ளை கிடக்கு. இனி உள்ளை வச்சிருக்க ஏலாது. நானே கேக்கிறன். நீ இடையிலை வராதை."

மறுநாள் பூரணமும் பியாட்றிஸும் மாஸ்ரரைக் குளிப்பாட்டிச் சில்லுக் கதிரையில் இருத்திய பிறகு, உதயகலா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அனுஜாவும் பிறேமும் அங்கேதான் நின்றார்கள்.

"மாமா, நாங்கள் இஞ்சை இருக்கிறதெண்டால், நாங்கள் படுக்கிற அறையிலை என்ரை சாமிப் படங்கள் இருக்கும். வெள்ளிக்கிழமையிலை விளக்குக் கொளுத்துவன். முன்னறைக்குக் கொண்டுவர மாட்டன். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

பிறேமும் உதயகலாவும் படுத்தது பின்பக்கத்துச் சின்னறையில். முன்பு உரலும் சாக்குகளும் கிடந்த இடம். ஒரே ஒரு சின்ன யன்னல்.

பியாட்றிஸ் துவாயைப் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அறை…" என்றார் மாஸ்ரர். "சின்… னன்."

"ஓம், சின்னன்தான். படம் வைக்க ஒரு மூலை காணும்."

இல்லையென்று தலையை ஆட்டினார். "புழு… க்கம்." இடது கையை உயர்த்தி, கிழக்குப் பக்கத்து அறையைக் காட்டினார். இரண்டு பெரிய யன்னல் உள்ள அறை. அவருடைய புத்தகங்கள் சுவர் முழுக்க நிறைந்து கிடக்கிற அறை. பாரிசவாதம் வருமுன் அவர் பகலெல்லாம் இருந்த அறை. "உங்… கை."

"உங்கடை புத்தக அறையோ?" பிறேமுக்கு நம்ப முடியவில்லை. "அலுமாரி எங்கை போறது அப்பா?"

"இங்… கை," என்று தான் இருந்த முன்னறையின் சுவரைக் காட்டினார்.

"வேற கதையில்லை, இழுங்கோ," என்றாள் பியாட்றிஸ். "நான் தூக்க மாட்டன், சொல்லிப்போட்டன்."

பிறேமும் அனுஜாவும் புத்தகங்களை அடுக்கடுக்காக இறக்கினார்கள். தேக்கு அலுமாரி அசைய மறுத்தது. பூரணம் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு மூலையில் தோள் கொடுத்தாள். உதயகலா காலுக்குக் கீழே சாக்கைக் கொடுத்து இழுத்தாள். அனுஜாவின் நகம் முறிந்து அவள் ஆங்கிலத்தில் ஏசியபோது மாஸ்ரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புத்தான். வாசல் நிலையில் அலுமாரி சிக்கிக்கொண்டது. திருப்பி, சரித்து, மூச்சுப் பிடித்து, மழை திரும்பவும் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் அதை முன்னறைச் சுவரோடு நிறுத்தினார்கள்.

புத்தக அறை வெறிச்சோடிப் போயிற்று. அலுமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் மங்காத நீலமாக இருந்தது. நிலம் முழுக்கத் தூசி, கரப்பான் முட்டை, எப்போதோ விழுந்த ஒரு பேனை மூடி. உதயகலா தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, யன்னல்களைத் திறந்துவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.

சில்லுக் கதிரை மெல்ல உருண்டு வாசலுக்கு வந்தது. மாஸ்ரர் இடது கையாலேயே தள்ளி வந்திருந்தார். அவள் கூட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்… ளை."

"என்ன மாமா?"

"தே… த்த… ண்ணி."

உதயகலா நிமிர்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா," என்றாள். "இதைக் கூட்டி முடிச்சிட்டு வாறன்."